கழுதையிடம் தொடங்குங்கள்

விலங்கு வரைய ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் சிறுத்தையில்தான் கை வைக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு நல்ல படத்தைத் தேடி எடுத்து, கண்ணையும் மீசையையும் உடம்புப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைகிறார்கள். வீட்டில் பாராட்டுக் கிடைக்கிறது. அதே பிள்ளையிடம், "இந்தச் சிறுத்தை மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவதை வரைந்து தா" என்று கேட்டால் பென்சில் நின்றுவிடுகிறது. அந்தக் கோணத்தில் படம் கிடைக்கவில்லை என்பார்கள்.

தொழில் என்று வந்தால் கேட்கப்படுவது அந்தக் கிடைக்காத படம்தான். இருக்கிற படம் போதுமென்றால் பதிப்பாளர் புகைப்படத்தையே வாங்கிக்கொள்வார். ஓவியரைத் தேடி வருகிறவருக்கு, யாரும் எடுத்திராத ஒரு நிலை வேண்டும்: கடலடியில் புல் மேயும் ஆவுளியா, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, சிறுவர் கதையில் குடை பிடிக்கும் கொக்கு. இதையெல்லாம் வரைய இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எலும்பு எங்கே மடிகிறது? பாரம் எந்தக் காலில் நிற்கிறது? இவை தெரிந்தவருக்கு எந்தக் கோணமும் கைக்கு வரும். தெரியாதவர் எத்தனை அழகாக மயிர் வரைந்தாலும் விலங்கு காற்றில் தொங்கும்.

இதைப் பழகப் புத்தளம் கரையோரத்தைப்போல் வசதியான இடம் இலங்கையில் அதிகமில்லை. ஊருக்குள் கழுதை, கற்பிட்டித் துறையில் மீன், உப்பளத்தில் பறவை, வெளிக்கடலில் டொல்பின், வடக்கே வில்பத்துக் காடு. எதற்கும் தூரம் போக வேண்டியதில்லை.  இந்த ஆசிரியர்களை எந்த ஒழுங்கில் அணுகுவது, அந்தப் பயிற்சி எப்படி வேலையாக மாறும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதல் பாடம் தெருவில் நிற்கிறது

புத்தளம் நகரத்திலும் கற்பிட்டிப் பாதையிலும் கட்டாக்காலிக் கழுதைகள் சுற்றுகின்றன. அரபு வணிகர் வழி வந்தவை என்று ஊரில் சொல்வார்கள். காலையில் கடைத்தெருவில் நிற்கும், வெயில் ஏறினால் மர நிழலுக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தாலும் அசையாது. மயிர் குட்டை என்பதால் உள்ளே இருக்கும் எலும்பும் தசையும் தோலுக்கு மேலாகவே தெரியும். இன்னொரு பெரிய வசதியும் உண்டு. பல கழுதைகளின் முதுகு நெடுக ஒரு கறுத்த கோடு ஓடும். தோளில் அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு இரண்டு பக்கமும் இறங்கும். முதுகுக் கோடு முள்ளந்தண்டின் பாதை. குறுக்குக் கோடு இறங்குவது தோள்பட்டை எலும்பு இருக்கும் இடத்தில். ஓவியர் முதலில் போட வேண்டிய இரண்டு கோடுகளை அந்த விலங்கே தன் உடம்பில் போட்டு வைத்திருக்கிறது.

கொப்பியைத் திறந்ததும் காதையோ கண்ணையோ வரையாதீர்கள். மூக்கு நுனியிலிருந்து கழுத்து, முதுகு வழியாக வால் நுனி வரை ஒரே கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் மூன்று பொருளைப் பொருத்துங்கள்: தலை, விலாக்கூடு, இடுப்பு. விலாக்கூடு பெரிய முட்டை வடிவம்; இடுப்பு அதைவிடச் சிறிய, சரிந்த பெட்டி. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள தூரமும் சரிவும் சரியாக வந்துவிட்டால் கழுதை வந்துவிட்டது. காது அதன் பிறகு ஒரு நொடி வேலை.

அடுத்தது கால். பெரும்பாலான பிழைகள் நேர்வது இங்கேதான். கழுதையின் முன்காலில் நடுவே புடைத்துத் தெரிவதை எல்லோரும் முழங்கால் என்கிறார்கள். உடற்கூற்றின்படி அது மணிக்கட்டு. உண்மையான முழங்கை மேலே, மார்போடு ஒட்டி இருக்கிறது. பின்காலில் பின்னோக்கிக் கூர்மையாக மடிவது குதிகால். முழங்கால் இன்னும் மேலே, அடிவயிற்றின் பக்கத்தில். குளம்பு என்பது நடுவிரலின் நகம். அதாவது கழுதை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது. மாடும் ஆடும் இரண்டு விரலில் நிற்கின்றன, நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன, கரடி மனிதனைப்போல உள்ளங்காலைப் பதித்து நடக்கிறது. உங்கள் சொந்தக் கையையும் காலையும் தொட்டுப் பார்த்து இந்த இடங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் நான்குகால் விலங்கு எதுவானாலும் மடிப்புகள் இடம் மாறிப் போகாது.

முன்காலைப் பற்றி இன்னும் ஒன்று. மனிதனின் தோளை மார்போடு பூட்டி வைத்திருப்பது காறை எலும்பு. கழுதைக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் அது கிடையாது. பூனை இனத்துக்குப் பெயருக்கு ஒரு துண்டு இருக்கும். உடம்பு இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தசையால் தொங்குகிறது. அதனால்தான் தலையைத் தாழ்த்திப் பதுங்கி நடக்கும் சிறுத்தையின் தோள்பட்டைகள் முதுகுக்கு மேலே மாறி மாறி எழுந்து தாழ்கின்றன. அந்தத் தொங்கலை வரையத் தெரிந்தவரின் சிறுத்தையில் புள்ளி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சிறுத்தை என்று தெரியும்.

நின்றுகொண்டே தூங்கும் கழுதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு பின்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனி மட்டும் நிலத்தில் தொட நிற்கும். அந்தப் பக்கத்து இடுப்பு தாழ்ந்திருக்கும், பாரம் தாங்கும் பக்கம் உயர்ந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கோடு சரிந்து கிடக்கும். முன்கால்கள் இரண்டும் நேராக ஊன்றியிருக்கும். குதிரை இனத்தில் உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாங்குவது முன்கால்கள்தான். சற்று நேரத்தில் கால் மாறும், சரிவும் மறுபக்கம் திரும்பும். அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு படம், ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அழிறப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பேனையால் வரைவது இன்னும் நல்லது. கோடு பிழைத்தால் அதன் மேலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எங்கே பிழைத்தது என்ற தடயம் தாளில் இருக்க வேண்டும்.

எந்தக் கால் முதலில்?

நடக்கும் கழுதையைப் பக்கவாட்டில் பார்த்துக் காலின் ஒழுங்கைச் சொல்லிப் பாருங்கள்: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். பின்கால் முன்னே வந்து ஊன்றப் போகும்போது அதே பக்கத்து முன்கால் எழுந்து இடம் விடுகிறது. நடையில் இதுதான் ஒழுங்கு. பசு, நாய், சிறுத்தை எல்லாவற்றுக்கும் இதேதான். சற்று வேகம் கூடித் துள்ளோட்டமாக மாறினால் குறுக்குக் கால்கள் ஜோடி சேரும்: இடது முன்னும் வலது பின்னும் ஒன்றாக, பிறகு மற்ற ஜோடி.

கேட்க எளிது. ஆனால் பெரிய ஓவியர்களே இதில் தவறியிருக்கிறார்கள். ஹங்கேரி ஆய்வாளர் காபோர் ஹோர்வாத் குழுவினர், நடக்கும் விலங்குகளைக் காட்டும் 1000 படைப்புகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். குகை ஓவியங்களில் கால் நிலை பிழைத்தவை 46.2 சதவீதம். குகைக் காலத்துக்குப் பின், புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் குதிரையின் ஓட்டத்தைப் படம் பிடித்த காலம் வரையான படைப்புகளில் பிழை 83.5 சதவீதம். அதன் பின்னும்கூட 57.9 சதவீதம். வேட்டையாடி வாழ்ந்தவன் விலங்கைப் பார்த்து வரைந்தான். பின்னால் வந்தவர்கள் முந்திய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மைபிரிட்ஜ் அந்தப் படங்களை 1878இல் கலிபோர்னியாவில் எடுத்தார். வரிசையாக வைத்த கமராக்கள் குதிரையின் பாய்ச்சலைத் துண்டு துண்டாகப் பிடித்தன. நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போது உறுதியானது. அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்குக் கீழே கூடியிருந்தன. அதுவரை ஐரோப்பிய ஓவியங்களில் குதிரைகள் முன்னும் பின்னும் கால்களை நீட்டிப் பறந்துகொண்டிருந்தன.

இன்று அந்தக் கமரா வரிசை உங்கள் பையில் இருக்கிறது. கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில் ஒரு கழுதையின் நடையை எடுங்கள். ஆனால் முதலில் கண்ணால் பார்த்து வரையுங்கள், பிறகு பதிவைத் தட்டித் தட்டி நிறுத்திச் சரிபாருங்கள். பதிவைப் பார்த்தே வரைந்தால் கண் பழகாது. கைப்பேசிக் கமராவை மிக நெருக்கமாகப் பிடித்தால் அருகிலிருக்கும் தலை பெருத்து, பின்புறம் சிறுத்துப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் திரிபை அப்படியே வரைந்த படங்கள் ஏராளம். பழகிய கண் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும்.

துறையில் கிடக்கும் பாடம்

அசையாத மாதிரி வேண்டுமென்றால் மீன் கரைக்கு வரும் நேரத்துக்குத் துறைக்குப் போங்கள். கற்பிட்டி, கந்தக்குழி, உடப்பு, சிலாபம் எதுவானாலும் சரி. ஏலம் முடியும் வரை ஒதுங்கி நில்லுங்கள். வியாபார நேரத்தில் குறுக்கே நிற்பவரை யாருக்கும் பிடிக்காது. முடிந்த பிறகு, "அண்ணன், இந்த மீனைக் கொஞ்சம் வரையலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீனைப் பற்றி அவர்களிடம் இருக்கும் அறிவு புத்தகத்தில் இல்லாதது.

ஓர் அறக்குளாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையும் கூர்ந்த நீள உடல். முதுகில் முதல் செட்டை முள்ளாலானது, தாழ்ந்து மடங்கிக் கிடக்கும். விரலால் மெல்ல நிமிர்த்தினால்தான் அதன் வடிவம் தெரியும். இரண்டாவது செட்டைக்குப் பின்னால் வால் வரை சின்னஞ்சிறு செட்டைகள் ஒரு வரிசை, அடிப்பக்கத்திலும் அப்படியே. உடம்பில் அலையலையான குறுக்குப் பட்டைகள். பக்கக்கோட்டை வாலை நோக்கித் தொடர்ந்து பாருங்கள்: இரண்டாவது முதுகுச் செட்டைக்குக் கீழே வந்ததும் சட்டென்று கீழே இறங்கி, பிறகு வளைந்து வளைந்து வாலுக்குப் போகும். அந்தத் திடீர் இறக்கம் இந்த இனத்தின் அடையாளம். அதைத் தவறவிட்டு மற்றதையெல்லாம் அழகாக வரைந்தால் ஓர் அழகான மீன் இருக்கும், அறக்குளா இருக்காது. விஞ்ஞானப் படம் வரைபவருக்குச் சம்பளம் கிடைப்பது இந்த மாதிரி ஒரு வளைவுக்காகத்தான்.

வடிவத்தைப் பார்த்தே அசைவைச் சொல்லவும் பழகலாம். சூரையின் உடல் விறைத்தது. வாலடி ஒடுங்கி வலுவானது. அது உடம்பை வளைக்காமல் வாலை மட்டும் அடித்து வேகமாக ஓடும். விலாங்கு தலையிலிருந்து வால் வரை முழுவதும் நெளியும். பாரை இரண்டுக்கும் இடையில், ஆனால் சூரைக்குப் பக்கத்தில். திருக்கைக்கு வால் உந்துவதில்லை. அகன்ற பக்கச் செட்டைகள்தான் அலையடிக்கும் அல்லது வீசும். பலகையில் கிடக்கும் மீனைப் பார்த்து, அதே மீன் திரும்பும் நிலையை மனதால் வரைந்து பாருங்கள். இப்படி வடிவத்திலிருந்து அசைவைக் கணக்கிடுவதுதான் அனிமேஷன் ஸ்டூடியோக்கள் தேடும் திறமை. 'பாம்பி' படத்துக்காக டிஸ்னி நிறுவனம் மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்கே வரவழைத்து, ரிக்கோ லெப்ரூன் என்ற ஓவியரைக் கொண்டு உடற்கூற்று வகுப்பு நடத்தியது. 1942இல் வெளிவந்த அந்தப் படத்தின் மான்கள் இன்றும் கண்ணுக்கு உறுத்தாமல் நடக்கின்றன.

பறவைக்கு உப்பளம். பாலாவிப் பக்கம் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான் இரை தேடும். அதன் சிவந்த காலில் பின்னோக்கி மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். கழுதையில் பார்த்ததே இங்கும். சிறகை உங்கள் கையாக நினைத்துக்கொள்ளுங்கள்: மேற்கை, முன்கை, கைத்தலம். நுனியிலுள்ள நீண்ட இறகுகள் கைத்தலத்திலிருந்து, உள்ளிறகுகள் முன்கையிலிருந்து. மீன் காயும் வாடிகளுக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து திரும்பும்போது இந்த மூன்று துண்டும் தனித்தனியாக மடிவது தெரியும். இன்னும் பறவை வேண்டுமென்றால் சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் குளங்கள். 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம்.

பார்த்ததை வைத்துக்கொள்ளும் பயிற்சி

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக்கு வெளியே சுழல் டொல்பின்கள் கூட்டம் கூட்டமாக வரும். படகு ஆடும், வெளிச்சம் கண்ணைக் கூசும், விலங்கு தெரிவது ஒரு நொடி. அங்கே கொப்பியைப் பார்ப்பவர் விலங்கைத் தவறவிடுவார். பாய்ச்சலைப் பாருங்கள், கண்ணை மூடுங்கள், மனதில் நிற்கும் ஒரு வளைவை மட்டும் இழுங்கள். அடுத்த பாய்ச்சலில் இன்னொரு வளைவு. கரைக்கு வந்ததும், யாரோடும் பேசுவதற்கு முன், அந்த வளைவுகளை உடம்பாக்குங்கள். படகோட்டியிடம் கூட்டத்துக்குள் புகுந்து ஓட்டச் சொல்லாதீர்கள். துரத்தப்படும் விலங்கிடம் பயத்தின் அசைவு ஒன்றைத்தான் பார்க்கலாம்.

மீனின் வால் நின்ற நிலையில் பக்கவாட்டில் அடிக்கிறது. டொல்பினின் வால் கிடந்த நிலையில் மேலும் கீழும் அடிக்கிறது. காரணம் முள்ளந்தண்டு. டொல்பினின் முன்னோர் தரையில் நான்கு காலில் ஓடியவை. பாய்ந்தோடும் நாயின் முதுகு மேலும் கீழும் வளைவதுபோலவே டொல்பினின் முதுகும் வளைகிறது. ஆவுளியாவுக்கும் இதே கணக்குத்தான். புத்தளம் களப்பிலிருந்து மன்னார் வளைகுடா வரை கடற்புல் மேயும் இந்த விலங்கை நேரில் பார்த்தவர்கள் வெகு சிலர். சட்டம் அதைப் பாதுகாக்கிறது, எண்ணிக்கையோ குறைந்துகொண்டே போகிறது. மீனவருக்கும் பாடசாலைக்கும் விளக்கும் சுவரொட்டிகளுக்குக் கலங்கல் நீரில் எடுத்த மங்கலான புகைப்படம் உதவாது. கீழ்நோக்கித் திரும்பிய அகன்ற உதடு, துடுப்பான முன்கால்கள், டொல்பினைப்போலப் பிளந்த வால், முதுகில் செட்டையே இல்லாத வழுவழுப்பு, இவை சரியாக அமைந்த ஒரு கோட்டுப்படம் வேண்டும். முதுகில் செட்டை போட்டுவிட்டால் பார்ப்பவர் டொல்பின் என்றே நினைப்பார். இந்த வேலைக்கு இந்தக் கரையில் பிறந்தவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வேலை எங்கே இருக்கிறது

இந்தத் தீவில் விலங்கு வரைந்து பெயர் பெற்ற மூவரைப் பாருங்கள். பீட்டர் கொர்னேலிஸ் டி பெவரே 18ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர். டச்சுக் கம்பனியில் நில அளவை, வரைபட வேலை பார்த்தவர். 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த லோட்டன் அவரைக் கொண்டு இலங்கை விலங்குகளை வரைவித்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்துக்குப் போயின. 1769இல் தாமஸ் பெனன்ட் தம் நூலுக்கு அவற்றைப் பயன்படுத்தினார். இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயில் உலக விஞ்ஞானத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். மூலப்படங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டாமவர் ஜி. எம். ஹென்றி. 1891இல் பிறந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனியில் ஆய்வுகூட உதவியாளராகத் தொடங்கினார். 1910இல் கொழும்பு அருங்காட்சியகத்தில் படவரைஞரானார். 1913 முதல் 1946 வரை அங்கேயே பூச்சியியல் உதவியாளர். தாமே எழுதித் தாமே வரைந்த இலங்கைப் பறவைகள் கையேட்டை ஆக்ஸ்போர்ட் 1955இல் வெளியிட்டது. மூன்றாமவர் லகி சேனாநாயக்க. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபட வேலை செய்தவர். 1979இல் மத்திய வங்கி வெளியிட்ட 2 ரூபாய் முதல் 100 ரூபாய் வரையான தாள்களில் இலங்கையின் மீனையும் பறவையையும் வண்ணத்துப்பூச்சியையும் வரைந்தவர் அவர்தான்.

மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவரும் அளந்து வரையும் உத்தியோகத்தின் வழியாக விலங்குக்கு வந்தவர்கள். ஓவியராகப் புகழ் வந்த பிறகு விலங்கு வரைவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அளவு தவறாத கை முதலில் சோறு போட்டது. இன்றைக்கும் வழி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு மீன் வரைய ஆள் தேவை. தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் பிராந்திய நிலையம் கற்பிட்டியிலேயே இருக்கிறது. மீன்பிடி, உயிரியல் துறை மாணவர்களுக்குத் தங்கள் ஆய்வேட்டுக்குத் தெளிவான கோட்டுப்படம் தேவை. ஆலங்குடாப் பக்கத்து ஹோட்டல்களுக்குச் சுவர்ப்படமும் அறிவிப்புப் பலகையும் தேவை. தமிழ்ச் சிறுவர் புத்தகத்துக்கு வரைபவர் தட்டுப்பாடு எப்போதும் உண்டு; இங்கே ரூம் டு ரீட், சென்னையில் தூலிகா போன்றவை உள்ளூர் ஓவியர்களைக் கொண்டே நூல்கள் செய்கின்றன.

கணினி நொடியில் படம் செய்து தரும் காலத்தில் இதெல்லாம் நிலைக்குமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அழகான படம் மலிவாகிவிட்டது, உண்மைதான். பக்கக்கோடு சரியா, செட்டை முள் எத்தனை, எந்தக் கால் முன்னே என்று பார்த்துப் பொறுப்பேற்கும் ஆள் மலிவாகவில்லை. உடற்கூறு தெரிந்தவருக்கே அந்தப் பொறுப்பை ஏற்க முடியும்.

படிப்பைப் பற்றி: உயர்தரத்தில் சித்திரம் எடுப்பவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழில் பட்டப்படிப்புத் தொடரலாம். கொழும்பில் 2005 முதல் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் உயிரியல் பிரிவில் படிக்கும், கை நன்றாக வரும் மாணவரும் இந்தத் துறைக்கு அதே அளவு பொருத்தம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் தொழிற்பயிற்சி நிலையங்களில் கிராஃபிக் டிசைன் படித்து, ஸ்கேன் செய்வது, கோட்டைத் துப்புரவாக்குவது, அச்சுக்கு ஏற்ற கோப்பாக மாற்றுவது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோப்பு ஒழுங்காக இல்லையென்றால் அச்சகம் திருப்பி அனுப்பும்.

புத்தளத்தில் பல வீடுகளில் உயிருள்ளவற்றை வரைவதில் மார்க்க ரீதியான தயக்கம் உண்டு. அதை மதித்து, பெற்றோரோடும் தெரிந்த ஆலிமோடும் பேசிய பிறகே இறங்குங்கள். எலும்பு, செட்டை, செதில், இறகு, தாவரம், நில வரைபடம் என்று விளக்கப்பட வேலையில் முழு உருவம் தேவைப்படாத பரப்பும் பெரியது. அதிலேயே தொழிலை அமைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

காட்டுவதும் கேட்பதும்

போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான பத்துப் படத்தை வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரே விலங்கைப் பல நிலைகளில் காட்டும் தாள் ஒன்று வையுங்கள்: நிற்கும், நடக்கும், படுத்து எழும் கழுதை. அதன் பக்கத்தில் எலும்பு நிலையைக் காட்டும் கோட்டுப்படம். மீன் ஒன்று முழு அளவோடு. மீன் நூல்களில் தலை இடது பக்கம் பார்க்க வரைவதே வழக்கம். 1990களில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இலங்கைக் கடல் மீன்களுக்கு வெளியிட்ட அடையாளக் கையேட்டைப் பாருங்கள். வெறும் கோட்டில் எவ்வளவு தகவல் சொல்லலாம் என்பது தெரியும். உங்கள் மீனிலும் அளவுகோலும், பிடிபட்ட இடமும், நாளும், ஊர்ப் பெயரும் இருக்கட்டும். நேரில் நின்று வரைந்த அழுக்குக் கொப்பியையும் எடுத்துப் போங்கள். வேலை கொடுப்பவர்கள் அதைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள், ஏனென்றால் அடுத்த படம் உங்களால் முடியுமா என்பதற்கு அதில்தான் பதில் இருக்கிறது.

வேலை வந்ததும் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை படம், என்ன அளவு, நிறமா கறுப்பு வெள்ளையா, எத்தனை முறை திருத்தம், எங்கே அச்சாகும். விலையைப் படத்தின் பருமனை வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு சிறு மீனுக்குச் செட்டை முள் எண்ணிச் சரிபார்க்க ஒரு நாள் போகலாம். அந்த நாளுக்கும் விலை உண்டு. பாதி முற்பணம் வாங்குங்கள். படம் விஞ்ஞானத் தேவைக்கானது என்றால் பென்சில் நிலையிலேயே துறை தெரிந்தவரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகு மையைத் தொடுங்கள். மை போட்ட பிறகு வரும் திருத்தம் இரட்டை வேலை.

உரிமையைப் பற்றி இளையவர்கள் கவலைப்படுவதே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைப்பின் பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் நீடிக்கும். நீங்கள் விற்பது ஒரு புத்தகத்தில் ஒரு முறை அச்சிடும் அனுமதியையா, எல்லா உரிமையையுமா என்பதை ஒரு வரியில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சுவரொட்டிக்காக வரைந்த ஆவுளியா நாளைக்கு டீ-ஷர்ட்டில் வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும். மூலப்படத்தை முடிந்தவரை உங்களிடமே வைத்துக்கொண்டு ஸ்கேன் கோப்பை மட்டும் கொடுங்கள். ஈரக் கடற்காற்றில் தாளில் பூஞ்சணம் ஏறும். மூலப்படங்களைத் தட்டையாக, காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள்.